கீழே வைக்கக் கூடாத காய்

மே 18, ஞாயிறு

வாடைதான் முதலில் வந்தது. கோயில் பிறகு.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று மூக்கைப் பொத்தினேன். எலி இல்லை. பூ. மரத்தடி முழுக்க உதிர்ந்து கிடந்தது. ஈரலின் நிறம். ஈரலின் பளபளப்பு. மிதித்தால் வழுக்குகிறது. பெண்கள் அதன்மேல் செருப்பில்லாமல் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். என் மனைவி கோமதியும்.

மேலே காய்கள். கிளைகளிலிருந்து கயிறு கயிறாகக் காம்புகள் இறங்கி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு காய். சுரைக்காயைவிடப் பெரிது. சாம்பல் நிறம், சொரசொரத்த தோல். பார்க்கவே கூசியது. மறைத்து வைக்கவேண்டிய எதையோ சாலையோரம் தொங்கவிட்டு விபூதி பூசியதுபோல. கைக்கு எட்டும் காம்புகளில் எல்லாம் சின்ன மரத்தொட்டில்கள்.

இங்கே வழக்கம் இது. காயைப் பறிக்கக் கூடாது, தானாக விழவேண்டும். விழுந்ததைக் கோயில் பண்டாரம் எடுத்துவைத்திருந்து, பிள்ளை இல்லாதவளின் மடியில் இடுவார். அவள் அதை மடியிலேயே ஏந்தி வீடு சேரவேண்டும். வழியில் கீழே வைக்கக் கூடாது. பிறகு சீவி, காயவைத்து, கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, தினமும் வெறும் வயிற்றில்.

கோமதி எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். மறுப்பாள் என்று நினைத்தேன். முந்தானையை விரித்தாள்.

திருநெல்வேலி வர இரண்டு பஸ். இரண்டிலும் அது அவள் மடியில். நாலைந்து கிலோ இருக்கும். தோலில் ஒட்டியிருந்த பூச்சாறு புடவையில் கறையாக இறங்கியது. எதிர் வரிசையில் ஒருத்தி குனிந்து கேட்டாள், எத்தனை வருடம் என்று. கோமதி நாலு என்றாள். கண்டக்டர் காயைப் பார்த்து டிரைவரிடம் ஒரு பெயர் சொன்னான். இருவரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம். வயல் பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சொன்னாள், கோமதிக்குக் கேட்கும்படி: "ஆடி முடியட்டும். இதுக்கும் ஒண்ணும் இல்லேன்னா ஆவணியில பெரியவங்களக் கூட்டி வச்சுப் பேச வேண்டியதுதான்."

என்ன பேசுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மே 19

அரிவாள்மணையில் அம்மா காயைச் சீவினாள். விறகு பிளப்பதுபோல் இருந்தது. உள்ளே வெள்ளை, நார், நடுநடுவே விதை. சீவிய சில நிமிடங்களில் பழுப்பாகிவிட்டது. அழுகிய வெள்ளரியின் மணம். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்துக் காயப்போட்டாள். காக்கை கூடத் தொடவில்லை.

அந்த அரிவாள்மணையில் இன்று கத்தரிக்காய் நறுக்கினார்கள். நான் சாப்பிடவில்லை.

மே 22

முதல் டம்ளர். சேற்று நிறம். கோமதி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். வாசல்படி தாண்டுவதற்குள் பாதி வெளியே வந்துவிட்டது. அம்மா ஓடிப்போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாள். இரண்டும் ஒரே கை.

மே 23, வெள்ளி

டாக்டரம்மா மார்ச்சிலேயே சொல்லியிருந்தார். கோமதிக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று. அப்போது கோமதி மருந்துக் கடையில் நின்றிருந்தாள்.

இன்று போனேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சிறிய அறை, உள்ளே தாழ்ப்பாள், சுவரில் ஒரு குழந்தைப் படம் போட்ட காலண்டர். மூடியுள்ள ஒரு டப்பா. இதற்குமேல் எழுதும் அளவுக்கு எனக்கு நவீனத்துவம் வரவில்லை. வெளியே வந்து அங்கிருந்த டெட்டாலில் கை கழுவினேன். மறுபடி கழுவினேன்.

காலையில் ஒரு டம்ளர், பகலில் ஒரு டப்பா. இந்த வீடு இப்போது பாத்திரங்களால் ஆனது.

நூலகத்தில் புத்தகக் கணக்கெடுப்பு, அதனால் தாமதம் என்றேன். கோமதி என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

மே 26

டாக்டரம்மா சொன்னது இரண்டே வாக்கியம். இங்கே எழுதவேண்டியதில்லை.

திரும்பும்போது கீரை வாங்கி வந்தேன். வாடியிருக்கிறது என்றாள் அம்மா.

மே 29

அந்த மரம் என்ன மரம்?

மூன்று நாட்களாக இதே கேள்வி. ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பெயர் தெரியாத ஒன்றை வீட்டில் காய்ச்ச விட்டிருக்கிறேன். பெயர் தெரிந்துவிட்டால் அது என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் நிறுத்திவிடலாம். எவ்வளவு எளிது.

அம்மாவுக்கு அது சிவகுண்டலம். சிவனின் காதணி. ஒரு சித்தர் கொண்டுவந்து நட்டது. கண்டக்டர் சொன்னது யானைப்பிடுக்கு. யானையின் விதைப்பை. அதை நட்டவர் யாரென்று அவன் சொல்லவில்லை. காய்ந்த வில்லை ஒன்றைப் போனில் படம் எடுத்துத் தேடினேன். காளான் என்றது. இன்னொரு முறை, மரவள்ளி. மரத்தைப் படம் எடுக்க எனக்கு அன்று தோன்றவில்லை. அன்று எனக்குத் தோன்றியதெல்லாம் குமட்டல்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்த நாள். கோமதி புதுப் புடவை கட்டிக்கொண்டு, கிளம்பும் முன் மூன்று முறை கழிவறை போனாள். மருந்து வேலை செய்கிறது, உள்ளே இருக்கும் கசடெல்லாம் போகிறது என்றாள் அம்மா. எந்தக் கசடு என்று கேட்க வாயெடுத்தேன். தோசை வைத்தாள்.

கழிவறையிலும் கருப்பட்டி மணம். இனி கருப்பட்டிக் காப்பி குடிக்கமாட்டேன்.

ஜூன் 5

என்னோடு படித்த ஜெபசிங் கல்லூரியில் தாவரவியல் எடுக்கிறான். வில்லையைக் காட்டினேன். முகர்ந்தான், நக்கியும் பார்த்தான். இலை எப்படி இருந்தது என்றான். பார்க்கவில்லை என்றேன்.

"ஏலே, காயப் பாத்திருக்க, பூவப் பாத்திருக்க, இலையப் பாக்கலியா? நீயெல்லாம் எப்படிப் பொண்ணு பாத்த?"

பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். மரத்தடியில் இறங்கியவன் முகம் கல்யாண வீட்டுக்கு வந்தவன் முகமாகிவிட்டது. அழுகிய பூவைக் கையில் எடுத்து விரித்தான். இந்த நாற்றம் நமக்கு இல்லை, வௌவாலுக்கு என்றான். ராத்திரியில் விரியும் பூ, தேன் குடிக்க வௌவால் வரும், விடிந்தால் உதிர்ந்துவிடும். இலை ஒரு காம்பில் எதிரெதிராக, இரட்டை இரட்டையாக. கிகேலியா. ஆப்பிரிக்க மரம். வெள்ளைக்காரன் காலத்தில் சாலைக்கு அழகாக எங்கெங்கோ கொண்டுவந்து நட்ட வகை. சித்தர் இல்லை. சாலைபோட்டவன்.

அங்கே யானை தின்னும், குரங்கு தின்னும். மனிதர்கள் காயவைத்துப் பொடித்துப் புண்ணுக்குப் போடுவார்கள், தோல் நோய்க்குப் பூசுவார்கள். சுட்ட வில்லைகளைச் சாராயம் புளிக்கப் போடுவார்கள். பச்சையாகத் தின்றால் விஷம், வயிற்றைக் கிழித்துவிடும். கோமதி குடித்துக்கொண்டிருக்கிறாள், நிறுத்தவேண்டுமா என்றேன்.

"கேக்கவே வேண்டாம், இன்னைக்கே நிறுத்து. இன்னொண்ணு தெரியுமா?" சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "அங்க இத ஆம்பளைக்குல்லா குடுப்பான். ஆம்பளைக்குக் கொற இருந்தா. காயோட உருவத்தப் பாத்தே தெரியலியா? கடல் தாண்டி இங்க வந்ததும் நம்மாளு பொம்பள மடியில கட்டிட்டான்."

நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே கேட்டது. அந்தப் பூவின் வாடை இதைவிட மேல்.

ஜூன் 6

சொல்லிவிட்டேன். ஆப்பிரிக்க மரம், விஷம், ஜெபசிங் சொன்னான், நிறுத்து.

அம்மா காய்ந்த வில்லைகளை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். மிளகாயும்தான் எங்கிருந்தோ வந்தது என்று ஜெபசிங் ஒருமுறை இதே வீட்டில் சாப்பிடும்போது சொன்னானே, அதற்காக மிளகாயை நிறுத்திவிட்டோமா என்றாள். எந்த நாட்டு மரமாக இருந்தால் என்ன, இப்போது நம் சாமி. வேண்டுமானால் பாதி டம்ளராகக் குறைப்பாள்.

கோமதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்:

"அங்க இத யாருக்குக் குடுப்பாங்களாம்?"

புண்ணுக்குப் போடுவார்கள் என்றேன்.

அது பொய் இல்லை.

ஜூன் 8

பாதி டம்ளர். இன்று வாந்தி இல்லை. டம்ளரின் உள்பக்கம் எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஒரு பழுப்பு வளையம். அவள் பல்லிலும் மெலிதாக. பேசும்போது பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஜூன் 9

குடித்தாள்.

ஜூன் 10

குடித்தாள். டம்ளரை வாயருகில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். தினமும். எதற்கோ நேரம் கொடுப்பதுபோல. நான் பேப்பர் படிக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

பள்ளியிலிருந்து போன். கரும்பலகை முன்னாலேயே விழுந்துவிட்டாள். பக்கத்து கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். உடம்பில் நீரே இல்லை, வெளியில் என்ன சாப்பிட்டார்கள் என்றார் டாக்டர். பிள்ளைகள் முன்னால் விழுந்ததில் அவளுக்கு அவமானம். சமன்பாடு பாதியில் நிற்கிறது என்றாள்.

கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் கை மேல் கை வைக்கலாம் என்று பார்த்தால் ஊசியும் பிளாஸ்திரியும். குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க," என்றாள்.

"என்ன?"

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல. நீ தூங்கு."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். என் வாயில் ஒரு கசப்பு. நான் அந்தக் கஷாயத்தை ஒரு சொட்டும் குடித்ததில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஜெபசிங் ஹார்லிக்ஸும் பன் ரொட்டியுமாக கோமதியைப் பார்க்க வந்தான். நான் வாசலிலேயே பிடித்து வேறு பேச்சுக்கு இழுத்தேன். அவன் நேராக அம்மாவிடம் போய் உட்கார்ந்தான்.

அம்மாவிடம் அவன் பேசியதில் கோபம் இல்லை; வீட்டுப்பிள்ளையின் உரிமை. வகுப்பில் பாடம் எடுப்பதுபோல் காயின் கதையை முதலிலிருந்து சொன்னான். வௌவால், யானை, சாராயம். அம்மா வாயில் கைவைத்துக் கேட்டாள். நான் காப்பி போட எழுந்தேன்.

"அதுவும் அங்க ஆம்பளைங்களுக்குத்தாம்மா குடுப்பாங்க. உங்க மகன் மகாராசன் சொல்லலியா?"

அடுப்படியில் நின்று கேட்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அந்தத் தீய்ந்த வாடைக்கு நன்றி. அதைத் துடைக்கும் வரை நான் வெளியே வரவேண்டியதில்லை.

ஜூன் 16

கோமதிக்கு நாலு நாளாகக் கஷாயம் நின்றிருந்தது. இன்று காலை அம்மா இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். ஒன்று அவளுக்கு. ஒன்று எனக்கு.

"ரெண்டு பேரும் குடிங்க. சாமி மருந்துக்கு ஆம்பள என்ன, பொம்பள என்ன."

அம்மா எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாள் என்று இப்போது புரிகிறது. குடித்தால் போதும். எதுவும் சொல்லவேண்டாம். மனைவிக்குத் துணையாகக் கசப்புக் குடிக்கும் கணவன். பார்ப்பதற்கு அன்பாகக்கூட இருக்கும்.

டம்ளரை எடுத்தேன். வெதுவெதுப்பு. அந்த வெதுவெதுப்புதான் தாங்கமுடியவில்லை, உடம்பிலிருந்து வந்த எதையோ பிடித்திருப்பதுபோல. கோமதியும் எடுத்தாள். பிளாஸ்திரி பிய்த்த இடத்தில் கை கன்றிப்போயிருந்தது. டம்ளரை உதட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அவளுக்கு வேண்டாம்," என்றேன். "அவகிட்ட ஒரு கொறையும் இல்ல."

அம்மா நின்றாள்.

"மீதியையும் சொல்லுங்க," என்றாள் கோமதி.

சொல்லியிருக்கலாம். நாலைந்து சொற்கள்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"லைப்ரரியில யாரு டெட்டால் போட்டுக் கை கழுவுதா? அன்னைக்கே தெரியும், எங்க போயிட்டு வந்தீங்கன்னு. இன்னைக்குச் சொல்லிருவீங்க, இன்னைக்குச் சொல்லிருவீங்கன்னு ஒவ்வொரு நாளும் குடிச்சேன்."

குரல் உயரவில்லை. விடையைத் தவறாகப் போட்ட பையனிடம் வழியைக் கேட்பதுபோல் சொன்னாள்.

மத்தியானம் கோவில்பட்டிக்குப் போய்விட்டாள், அண்ணன் வீட்டுக்கு.

ஜூன் 17

எப்போது தெரியும் என்று அம்மா கேட்டாள். போன மாதம் என்றேன்.

"என் கையால காய்ச்சிக் குடுத்தேன். நீ பாத்துக்கிட்டு இருந்த."

அதற்குப் பிறகு தட்டில் சோறு வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய்விடுகிறாள். மீதி வில்லைகளைக் குப்பையில் கொட்டியிருந்தாள். மழை பெய்து ஊறி, பின்வாசல் முழுக்க அந்த மணம். அவள் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜூன் 20

கஷாயம் காய்ச்சிய பாத்திரத்தைத் தேய்த்தேன். சாம்பல், புளி, பிறகு எலுமிச்சை. போகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கோமதிக்குப் போன் செய்தேன். எடுத்தாள். வந்து கூட்டிக்கொண்டு போகட்டுமா என்றேன். பின்னால் அவள் அண்ணன் பிள்ளைகளின் சத்தம்.

பிள்ளை இல்லாதது பெரிதில்லை என்றாள். டாக்டரிடம் சேர்ந்து போகலாம், இல்லாவிட்டால் தத்து எடுக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அதையெல்லாம் அவள் எப்போதோ யோசித்து முடித்துவிட்டாள். பெரிது வேறு.

"ரெண்டு பஸ் மாறி அத மடியில வச்சுட்டு வந்தேன். ஒரு பொம்பள எல்லார் முன்னாலயும் எத்தன வருசம்னு கேட்டா. நீங்க ஜன்னல் வழியா வயலப் பாத்தீங்க."

"கோமதி..."

"நீங்களும் ஒரு தடவ கொண்டு வாங்க. கீழ வைக்காம. பெறவு பேசுவோம்."

வைத்துவிட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

வேட்டி கட்டிக்கொண்டு போனேன். பேன்ட்டில் மடி கிடையாது.

பூ குறைந்திருந்தது. உதிர்ந்தவை காய்ந்து, தோல் செருப்புபோல் சுருண்டு கிடந்தன. வாடை மட்டும் அப்படியே. வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் பெண்கள். பண்டாரம் என்னைப் பார்த்ததும், வீட்டம்மாவுக்கு உடம்பு முடியவில்லையா தம்பி என்றார். தலையாட்டினேன். அங்கேயும் தலையாட்டினேன். வேட்டியின் முன்மடிப்பைப் பிடித்து ஏந்தினேன். இட்டார்.

எதிர்பார்த்ததைவிடக் கனம். உயிருள்ள கனம் இல்லை; அதைப்போல் பாவனை செய்யும் ஒரு கனம். தோலின் சொரசொரப்பு வேட்டியைத் தாண்டித் தொடையில் உரசியது. முதல் இரண்டு பஸ்ஸிலும் இடம் கிடைக்கவில்லை. ஒரு கை மேல்கம்பியில், ஒரு கை மடியில், நின்றுகொண்டு வந்தேன். கல்லூரிப் பையன்கள் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். சட்டையெல்லாம் வியர்வை. என் வியர்வையும் காயின் வாடையும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நாற்றம். கீழே வைத்துவிடலாம், இருக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம், யாருக்குத் தெரியும் என்று வழியெல்லாம் தோன்றியது. இப்படித் தோன்றுகிற ஆளோடுதான் அவள் நாலு வருடம் இருந்திருக்கிறாள்.

திருநெல்வேலியில் கோவில்பட்டி பஸ். இடம் கிடைத்தது. ஜன்னலோரம் காலியாக இருந்தும் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் கூடையோடு ஒரு அம்மா. கயத்தாறு வரை காயையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு குனிந்தார்.

"எத்தன வருசம் ஆச்சு, தம்பி?"

"நாலு."

"அவ எங்க? அவல்லா மடியில கொண்டு போகணும். ஆம்பள கொண்டு போனாப் பலிக்குமா?"

வெளியே வயல் இருந்தது. பார்க்கவில்லை.

"அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. கொற எனக்குத்தான்."

டிரைவர் ஹாரன் அடித்தார். அந்த அம்மா காதருகே கையை வைத்துக்கொண்டு, என்ன சொன்னீக என்றார். முன் இருக்கையில் இரண்டு பேர் திரும்பினார்கள். என் இரண்டு கைகளும் காயின்மேல் இருந்தன. முகத்தை மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

உரக்கச் சொன்னேன்.